கார்ட்டரைப் பற்றிப் பிள்ளைகள் விவாதிக்கக் கூடாதா? எங்கள் தமிழ்ச் சங்க நிர்வாகக் குழுவுக்குத் திறந்த மடல்

நிர்வாகக் குழுவில் இருக்கும் பெரியோர்களுக்கு,

முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் பற்றி நடக்க இருந்த இளையோர் விவாத அரங்கைக் கடைசி வாரத்தில் அஞ்சலிக் கூட்டமாக மாற்றினீர்கள். பிள்ளைகள் எழுதி வைத்திருந்த பேச்சுகளை வெட்டினீர்கள். இதை ஏற்க முடியாது என்று குழுவுக்குத் தனியாக எழுதினேன், பதில் வரவில்லை. ஆகவே உறுப்பினர்கள் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நடந்தது தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பர் 29 அன்று கார்ட்டர் தன் சொந்த ஊரான பிளெய்ன்ஸில், நூறு வயதில் காலமானார். அவர் நாம் வாழும் ஜார்ஜியா மாநிலத்தின் மனிதர். அதனால் சங்கத்தின் இளையோர் பிரிவில் அவரைப் பற்றி ஒரு விவாதம் வைக்கலாம் என்று முடிவெடுத்தது நீங்கள்தான். 'கார்ட்டர் விட்டுச்சென்றது என்ன?' என்று தலைப்பு தந்ததும், பிள்ளைகளைத் தயார்படுத்தும்படி என்னிடம் சொன்னதும் நீங்கள்தான். பிள்ளைகள் அதை விளையாட்டாக எடுக்கவில்லை. அட்லாண்டாவில் கார்ட்டர் மையத்தில் அவருடைய பேழை வைக்கப்பட்டிருந்த நாட்களில், அந்தக் குளிரில் வரிசையில் நின்று மரியாதை செலுத்திவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகுதான் படிக்க உட்கார்ந்தார்கள்.

பேச்சுகளை முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கினீர்கள், சரி. திரும்பி வந்த தாள்களைப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. பதினோராம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை ஹெய்ட்டி அகதிகளைப் பற்றி எழுதியிருந்த பகுதி முழுவதும் சிவப்பு மையால் குறுக்கே கோடிழுக்கப்பட்டிருந்தது. ஓரத்தில், 'இது வேண்டாம். நல்லதை மட்டும் சொல்லவும்' என்று ஒரு வரி. இன்னொரு பையன் ஈரான் பணயக்கைதிகள் பற்றியும் 1980இன் விலைவாசி பற்றியும் எழுதியிருந்தான். அதுவும் போயிற்று. கூட்டத்தன்று படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றினீர்கள். அவர் ஏழைகளுக்கு வீடு கட்டும் காணொளி ஓடியது. பிள்ளைகள் வரிசையாக வந்து ஆளுக்கு மூன்று வரி இரங்கல் வாசித்துவிட்டு இறங்கினார்கள். ஹெய்ட்டி பற்றி எழுதிய பிள்ளை மேடைக்கு வரவில்லை. பின்வரிசையில் தாயோடு உட்கார்ந்திருந்தாள்.

நீங்கள் வாய்வழியாகச் சொன்ன காரணங்கள் இரண்டு. இறந்தவரைக் குறை சொல்வது நம் பண்பாடில்லை என்பது ஒன்று. இப்போதைய நிலைமையில் நம் பிள்ளைகள் ஓர் அமெரிக்க ஜனாதிபதியை விமர்சிக்கும் காணொளி வெளியே போனால் வீண் வம்பு என்பது மற்றது. இரண்டாவதைப் பிறகு சொல்கிறேன்.

செத்த வீட்டில் செத்தவரின் குறையைப் பேசமாட்டோம், உண்மைதான். அது அந்த வீட்டு ஆட்களின் மனம் நோகக் கூடாது என்பதற்காக. நான்கு வருடம் ஒரு வல்லரசை நடத்தியவருடைய ஆட்சிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அந்த ஆட்சியால் வாழ்ந்தவர்களும் செத்தவர்களும் அவருடைய குடும்பத்துக்கு வெளியே, பல நாடுகளில் இருக்கிறார்கள். அமெரிக்கர்களே அப்படித்தான் நடந்துகொண்டார்கள். ஜனவரி 9 அன்று வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் நடந்த அரச இறுதிச் சடங்கில், கார்ட்டரிடமே ஆலோசகராக இருந்த ஸ்டூவர்ட் ஐசன்ஸ்டாட் பேசினார். நான்கு பெரிய ஜனாதிபதிகளின் முகங்கள் செதுக்கப்பட்டிருக்கும் ரஷ்மோர் மலையில் முகம் செதுக்கப்பட வேண்டியவர் என்று சொல்ல முடியாவிட்டாலும், அந்த மலையடிவாரத்தில் அவருக்கு இடமுண்டு என்று சொன்னார். சவப்பெட்டி முன்னால் இருக்க, முன்னாள் ஜனாதிபதிகள் எல்லோரும் உட்கார்ந்திருக்க, அவருடைய சொந்த ஆள் அவரை நிறுத்துப் பார்த்தார். ஒருவரும் அதை அவமரியாதையாக நினைக்கவில்லை. அந்தப் பேராலயத்தில் பேச முடிந்ததை நம் சங்க மண்டபத்தில் ஏன் பேச முடியாது?

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று சிலர் கேட்கிறார்கள். சொல்கிறேன்.

நான் இங்கே அகதியாக வந்தவன். 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டுக் கிளம்பி, வன்னியில் இருந்து, பிறகு கொழும்பில் ஒரு லாட்ஜ் அறையில் பொலிஸ் பதிவோடு காலம் தள்ளி, பிடிபட்டு, விடுபட்டு, கடைசியில் இந்த நாட்டுக்கு வந்தேன். தஞ்சம் கேட்ட என் மனுவை விசாரித்த அதிகாரியின் மேசையில் என் கடதாசிகள் எல்லாம் பரப்பிக் கிடந்தன: பொலிஸ் பதிவுத் துண்டு, தடுப்பில் இருந்ததற்குச் செஞ்சிலுவைச் சங்கம் தந்த கடிதம், ஊர்ப் பாதிரியார் எழுதிய சான்று. பதிவுத் துண்டில் மடிப்பு விழுந்த இடத்தில் மை அழிந்திருந்தது. அதிகாரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நீங்கள் கொழும்பிலேயே இருந்திருக்கலாமே?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு பின்னேரம் முழுக்க நேரம் கிடைத்தது. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளரும் வழக்கறிஞரும் இருந்தார்கள். என் பதிலைக் கேட்காமல் என்னைத் திருப்பி அனுப்ப அந்த அதிகாரிக்கு உரிமை இருக்கவில்லை.

அந்த நேரத்தை எனக்குத் தந்தது 1980 மார்ச் 17 அன்று கார்ட்டர் கையெழுத்திட்ட அகதிகள் சட்டம். அதற்கு முன் இந்த நாட்டுச் சட்டத்தின்படி அகதி என்றால் பெரும்பாலும் கம்யூனிச நாட்டிலிருந்தோ மத்திய கிழக்கிலிருந்தோ தப்பி வந்தவர்தான். செனட்டர் எட்வர்ட் கென்னடி முன்னின்று கொண்டுவந்த இந்தச் சட்டம் அந்த வரம்பை நீக்கியது. இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து என்ற ஐந்தில் ஒன்றுக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்று நியாயமாகப் பயப்படும் எவரும், எந்த நாட்டிலிருந்து வந்தாலும், தஞ்சம் கேட்கலாம் என்றாயிற்று. இங்கே தஞ்சம் பெற்ற இலங்கைத் தமிழர் ஒவ்வொருவருடைய கோப்பும் அந்தச் சட்டத்தின் கீழ்தான் திறக்கப்பட்டது. நம் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கிளார்க்ஸ்டனைப் பாருங்கள். பூட்டான், பர்மா, சோமாலியா, கொங்கோ, ஆப்கானிஸ்தான் என்று உலகத்தின் எல்லாப் போர்களிலிருந்தும் வந்த சனம் அந்தச் சின்ன ஊரில் கடை வைத்திருக்கிறது. அந்த ஊர் இன்றைக்கு இருக்கும் விதத்தில் இருப்பதற்கும் அதே சட்டம்தான் அடிப்படை.

உங்கள் அஞ்சலிக் கூட்டத்தில் இந்தச் சட்டத்தின் பெயர்கூட வரவில்லை. நல்லதை மட்டும் சொல்லச் சொன்னீர்கள், அந்த நல்லதையும் யாரும் சொல்லவில்லை. அவர் செய்த மிகத் துணிச்சலான காரியங்களில் ஒன்றும் விடுபட்டுப்போயிற்று. 1979இல் வியட்நாமிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் சனம் படகிலும் கால்நடையாகவும் தப்பி ஓடியபோது, அமெரிக்கா மாதத்துக்கு 7,000 பேரை எடுத்துக்கொண்டிருந்தது. கார்ட்டர் அதை 14,000 ஆக்கினார். நாட்டு மக்கள் அதை விரும்பவில்லை, அடுத்த வருடம் தேர்தல். இருந்தும் செய்தார். கடலில் தத்தளித்தவர்களைத் தேடி எடுக்கக் கடற்படைக்கு உத்தரவிட்டார். என் பார்வையில் அவருடைய ஆட்சியின் மிக நல்ல பக்கம் இதுதான்.

இப்போது நீங்கள் சிவப்புக் கோடு போட்ட பகுதிக்கு வருகிறேன். அதே கார்ட்டர் ஆட்சியில், 1978 முதல், ஹெய்ட்டியின் சர்வாதிகாரி துவாலியேயின் கொடுங்கோன்மைக்குத் தப்பிப் படகில் புளோரிடாவுக்கு வந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஹெய்ட்டி மக்களின் தஞ்ச மனுக்களைக் குடிவரவுத் துறை அவசர அவசரமாக நடத்தித் தள்ளியது. 1980 ஜூலையில் மயாமியில் கூட்டாட்சி நீதிபதி ஜேம்ஸ் லாரன்ஸ் கிங் அந்த வழக்கில் தீர்ப்பு எழுதினார். அவர்களுடைய மனுக்களின் முடிவு முன்கூட்டியே எடுக்கப்பட்டிருந்தது, முறையான விசாரணை என்று ஒன்று நடக்கவே இல்லை என்று கண்டார். ஓர் அடக்குமுறை ஆட்சியிலிருந்து இந்த நாட்டுக்குப் பெரும் எண்ணிக்கையில் வந்த முதல் கறுப்பின அகதிகள் இவர்கள்தான் என்பதையும் அவர் குறிப்பிடத் தவறவில்லை. எனக்குக் கிடைத்த அந்தப் பின்னேரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அகதிகள் சட்டம் கையெழுத்தானபோதும் அந்த வழக்கு நடந்துகொண்டுதான் இருந்தது.

அந்தப் பிள்ளை எழுதியது இவ்வளவுதான். ஒரு வசவுச் சொல் இல்லை. சட்டத்தையும் சொன்னாள், ஹெய்ட்டியையும் சொன்னாள், ஒரே ஆட்சியில் இரண்டும் எப்படி நடந்தன என்று கேட்டாள். அதைவிட நல்ல கேள்வியை இந்த விஷயத்தில் நான் இதுவரை கேட்டதில்லை. அதற்குத்தான் கோடு விழுந்தது.

கார்ட்டரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சுலபமாகச் சொல்லும் ஒரு வரி உண்டு: ஜனாதிபதியாகத் தோற்றார், முன்னாள் ஜனாதிபதியாக வென்றார். உங்கள் வரவேற்புரையிலும் அதுதான் வந்தது. அசுத்தத் தண்ணீரால் பரவும் கினிப்புழு நோயை ஒழிக்க அவர் பட்ட பாட்டை யாரும் குறைத்துப் பேச முடியாது. 1986இல் ஏறக்குறைய 35 லட்சம் பேருக்கு இருந்த நோய், இன்று வருடத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்கு இறங்கிவிட்டது. 2002இல் நோபல் அமைதிப் பரிசும் கிடைத்தது. ஆனால் அந்த வரி என்ன செய்கிறது என்றால், 1977 முதல் 1981 வரையான நான்கு வருடத்தை ஒரு சொல்லில் மூடிவிடுகிறது. அவர் கையில் உண்மையான அதிகாரம் இருந்தது அப்போதுதான். எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் இடையில் இன்று வரை நிற்கும் சமாதானம் அப்போதுதான் வந்தது. பனாமாக் கால்வாயைத் திருப்பிக் கொடுக்கும் ஒப்பந்தம், அலாஸ்காவில் பத்துக் கோடி ஏக்கருக்கும் அதிகமான நிலத்துக்குப் பாதுகாப்பு, இவையும் அப்போதுதான். இதெல்லாம் தோல்வியா?

அப்புறம், அவருடைய ஆட்சி நம்மைப் போன்ற சனத்தைக் கைவிட்டதும் அதே நான்கு வருடத்தில்தான். மனித உரிமையை வெளிநாட்டுக் கொள்கையின் நடுவில் வைப்பேன் என்று சொல்லிப் பதவிக்கு வந்தவர் அவர். அதை உண்மையாகவே நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். அர்ஜெண்டினாவிலும் சிலியிலும் அந்தச் சொல்லால் சில உயிர்கள் தப்பின. ஆனால் கிழக்குத் திமோரை இந்தோனேசிய ராணுவம் நசுக்கிக்கொண்டிருந்த வருடங்களில் ஜகார்த்தாவுக்கு அமெரிக்க ஆயுதம் போவது நிற்கவில்லை. அங்கே போரினாலும் பட்டினியினாலும் செத்தவர்கள் குறைந்தது 1,02,800 பேர் என்று பிற்காலத்தில் அந்த நாட்டின் உண்மை ஆணையம் கணக்கிட்டது. அந்தச் சாவுகளில் பெரும்பகுதி 1970களின் கடைசியில் நடந்தது. எல் சல்வடோரில் பேராயர் ஒஸ்கார் ரொமேரோ 1980 பிப்ரவரியில் கார்ட்டருக்கே கடிதம் எழுதினார். ராணுவத்துக்கு உதவி அனுப்பாதீர்கள், அது என் மக்களைத்தான் கொல்லும் என்று கேட்டார். மார்ச் 24 அன்று, பூசை வைத்துக்கொண்டிருந்தபோது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அகதிகள் சட்டம் கையெழுத்தாகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ராணுவ உதவி அதற்குப் பிறகும் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது.

தென்கொரியாவின் குவாங்ஜுவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1980 மே மாதம் ராணுவத் தளபதி சுன் டூ ஹ்வானின் ராணுவச் சட்டத்தை எதிர்த்து அந்த நகரம் எழுந்தது. விசேட படையினர் தெருவில் மாணவர்களை அடித்தும் சுட்டும் கொன்றார்கள். சனம் படையை வெளியே தள்ளிவிட்டு நகரத்தைத் தானே நடத்தியது. அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் ஒன்று கொரியப் பக்கம் வருகிறது என்று கேள்விப்பட்டபோது, அது தங்களைக் காப்பாற்றத்தான் வருகிறது என்று நம்பினார்கள். மனித உரிமை பேசும் ஜனாதிபதி அல்லவா! ஆனால் மே 22 அன்று வெள்ளை மாளிகையில் கூடியவர்கள், முதலில் ஒழுங்கு நிலைநாட்டப்படட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று முடிவெடுத்தார்கள். மே 27 விடியுமுன் ராணுவம் உள்ளே போய்விட்டது.

2009 ஏப்ரலிலும் மேயிலும் இங்கே நம் வீடுகளில் தொலைபேசியில் என்ன பேசினோம் என்று யாருக்கும் நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. முள்ளிவாய்க்காலுக்கு அமெரிக்கக் கப்பல் வருமாம் என்று எத்தனை பேர் எத்தனை பேருக்குச் சொன்னோம். வராத கப்பலுக்காகக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்த சனம் நாம். குவாங்ஜுவின் கதையை நம் பிள்ளைகள் வாயால் சொல்ல விடாமல் தடுப்பது, எல்லோரையும் விட நமக்குத்தான் அழகில்லை.

பையனுடைய பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவனுக்கும் எனக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. ஈரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டு 52 பேர் 444 நாள் அடைபட்டுக் கிடந்ததைக் கார்ட்டரின் பலவீனம் என்று அவன் எழுதியிருந்தான். மீட்கப் போன முயற்சியில் பாலைவனத்தில் எட்டு வீரர்கள் செத்ததையும் எழுதியிருந்தான். நான் அப்படிப் பார்க்கவில்லை. 52 பேரும் உயிரோடு வீடு திரும்பினார்கள், குண்டு போட்டிருந்தால் திரும்பியிருக்க மாட்டார்கள். 1977 டிசம்பர் 31 இரவு டெஹ்ரானில் விருந்துண்டு ஈரான் மன்னர் ஷாவைப் புகழ்ந்ததுதான் பெரிய பிழை என்பேன். விலைவாசியிலும் அப்படித்தான். விலைவாசியை அடக்கப் பால் வோல்க்கரை மத்திய வங்கித் தலைவராக நியமித்தால் வட்டி ஏறும், அது தன் தேர்தலைப் பாதிக்கும் என்று தெரிந்தே நியமித்தார் என்பது என் வாதம். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. தன் பக்கத்துக்கு ஆதாரம் கொண்டுவந்தான். விவாத அரங்கு என்பது அதற்குத்தானே?

இரண்டாவது காரணம், பயம். அதை நான் லேசாகத் தள்ளவில்லை. கார்ட்டர் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவருக்காக அறிவித்த துக்க நாட்களே முடியவில்லை, 2025 ஜனவரி 20 அன்று புதிய ஜனாதிபதி டிரம்ப்பின் உத்தரவு அகதிகளை எடுக்கும் திட்டத்தை நிறுத்தி வைத்தது. பயணச்சீட்டு கையில் இருந்தவர்கள்கூட வர முடியாமல் போயிற்று. கிளார்க்ஸ்டனில் தங்கைக்காகவும் தாய்க்காகவும் அறையைத் தயார் செய்து வைத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். விசாவிலும் பச்சை அட்டையிலும் இருக்கும் பெற்றோர் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. அப்படியானால் காணொளியை வெளியிடாதீர்கள். பெயர் போடாதீர்கள். அரங்கின் கதவைச் சாத்தி உறுப்பினர்களுக்கு மட்டும் நடத்துங்கள். இதற்கெல்லாம் நான் சம்மதிப்பேன். ஆனால் 45 வருடத்துக்கு முன்னால் ஒரு நீதிபதி பகிரங்கத் தீர்ப்பில் எழுதியதைப் பிள்ளை வாசிக்கக் கூடாது என்பது பாதுகாப்பு ஆகாது. அந்தச் சட்டமே நம் கண்முன்னால் முடக்கப்படும் நேரத்தில், அது எப்படி வந்தது, யாருக்குக் கை கொடுத்தது, யாரைக் கைவிட்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நாம் வேறு எந்த நாளுக்குக் காத்திருக்கிறோம்?

ஆகவே நிர்வாகக் குழுவிடம் நான் கேட்பவை இவை.

பள்ளிகளின் கோடை விடுமுறைக்கு முன், நீங்களே தந்த தலைப்பில், அந்த விவாத அரங்கை நடத்துங்கள். பிள்ளைகள் முதலில் எழுதிய பேச்சுகள் முழுமையாக வர வேண்டும். கார்ட்டரை மெச்சுகிறவரும், குறை சொல்கிறவரும், இரண்டும் சொல்கிறவரும் ஒரே அளவு நேரம் பேச வேண்டும்.

இனிமேல் இளையோர் பேச்சுகளைக் குழு முன்கூட்டிப் பார்ப்பதென்றால், தகவல் சரியா என்பதை மட்டும் பாருங்கள். ஆண்டு பிழை, பெயர் பிழை இருந்தால் திருத்துங்கள். கருத்தில் கை வைக்கக் கூடாது என்பதைச் சங்க விதிகளில் எழுத்தில் சேருங்கள்.

கோடு போட்டுத் திருப்பி அனுப்பிய இரண்டு பிள்ளைகளையும் குழுவின் சார்பில் ஒருவர் நேரில் பார்த்து வருத்தம் தெரிவிக்க வேண்டும். பெற்றோரிடம் சொல்லி அனுப்புவது போதாது.

அரங்கு நடக்கும் நாளில் கிளார்க்ஸ்டனிலிருந்து அகதியாக வந்த ஒருவரையும், குடிவரவு வழக்குகள் நடத்தும் ஒரு வழக்கறிஞரையும் அழையுங்கள். 1980 சட்டம் என்ன சொல்கிறது, இன்றைக்கு அதன் நிலைமை என்ன என்று பெற்றோரும் பிள்ளைகளும் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அவர்களை ஒழுங்கு செய்யும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த மடலைச் சேர்த்து, உங்கள் பதிலை எழுத்தில் தாருங்கள். முடியாது என்பது பதிலானால், அதற்கான காரணத்தையும் அதே தாளில் எழுதி, எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினரும் இளையோர் பிரிவில் உதவி செய்பவருமான ஒருவன்